படுகளத்தில் விழுந்தவரை எழுப்பும் இரவு: பொன்னர் சங்கர் மரபு

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மதுரை வீரனும் முனியாண்டியும் மனிதர் மேல் இறங்கி வாக்குச் சொல்வதைப் பார்த்து வளர்ந்த குனோங் ராபாட், ஈப்போ வட்டார மக்களுக்குப் படுகளம் புதிராகத் தோன்றாது. கொங்கு நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்ததாக நம்பப்படும் ஒரு போரையும் அதில் நேர்ந்த சாவுகளையும் ஊரே கூடி மறுபடி நடத்தும் சடங்கு அது.

போரின் நாயகர்கள் வளநாட்டை ஆண்ட பொன்னரும் சங்கரும். குன்னுடையாக் கவுண்டர், தாமரை தம்பதியின் பிள்ளைகள். அண்ணன்மார் சாமி என்று கும்பிடப்படுகிறார்கள். தங்கை அருக்காணித் தங்காள். எதிரி தலையூர்க் காளி. வேட்டுவர் தரப்புக் காட்டுப்பன்றி கொம்பனை வேட்டையாடப் போன இடத்தில் மோதல் முற்றுகிறது. மாயவனின் அம்பு தன்மேல் பட்டதும் 16 வயதோடு ஆயுள் முடிந்ததென்று உணரும் சங்கர், தன் வாள் மேலேயே விழுந்து உயிர் விடுகிறார். பொன்னரும் அதே வழியில் போகிறார்.

கொங்குப் பகுதியில் இதை உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965ஆம் ஆண்டு 18 இரவுகள் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். இக்கதை பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது.

பாட்டு சாவுக் கட்டத்தை நெருங்கும்போது கூட்டத்தில் இருக்கும் இளைஞர்கள் சிலர் அருள் வந்து ஆடி, கட்டை போலச் சாய்கிறார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். இறந்தவர்களாகவே அவர்கள் கருதப்படுவார்கள். பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். மகன் விழுந்து கிடக்கும் தாயிடம் போய் இது நடிப்புதானே என்று யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. பிறகு தங்காளாக வரும் பெண் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புகிறார். விழுந்த அத்தனை பேரையும் எழுப்பியாக வேண்டும். கதையிலோ, தங்கை எழுப்பிய அண்ணன்மார் அவளிடம் சில வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் உயிர் விடுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் மட்டும் வீடு திரும்புகிறார்கள்.

கூடவே போரிட்டு மடியும் சாம்புவனை மறக்கக் கூடாது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த அவரும் படுகளத்தில் வணங்கப்படுகிறார். வேட்டுவ மரபினரோ தலையூர்க் காளியைத் தங்கள் மன்னராகப் போற்றுகிறார்கள். கலைஞர் கருணாநிதியின் நாவலையும் 2011இல் வந்த திரைப்படத்தையும் மட்டும் அறிந்தவர்கள், இதில் இரண்டு தரப்பு உண்டு என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

கப்பலேறிய தொழிலாளர்களோடு கதையும் கடல் கடந்தது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கரும் முக்கியக் கூத்தாக ஆடப்பட்டு வருகிறது. திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள். பாட்டனார் ஊர் அந்தப் பக்கம் என்றால், கொம்பன் பன்றியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

படுகளத்தை நேரில் காண விரும்புவோர் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே உள்ள வீரப்பூருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழா மாசி மாதத்தில் நடக்கிறது. படுகளத்தை அடுத்து வரும் வேடபரியன்று பொன்னர் குதிரை வாகனத்தில் புறப்படுவார்.