கொழும்பிலிருந்து வந்த குரல்

மில் சங்கு கேட்டு நேரம் பார்த்த கோவைக்காரர்களிடம் 'இலங்கை வானொலி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். டீக்கடையிலும் சலூனிலும் தறிக்குடோனிலும் பாடிய அந்த வானொலியில் பலருக்கு மறக்க முடியாத குரல், பி.எச். அப்துல் ஹமீதுடையது.

கடலுக்கு அப்பாலிருந்த நிலையம் நம்ம ஊர்க்காரர்களைப் பிடித்துக்கொள்ள வழிவிட்டது டெல்லிதானுங்க. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கியது. கொழும்பிலோ 1950-லேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. பாட்டு வேண்டியவர்கள் ரேடியோ முள்ளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். இந்தி நேயர்களுக்கு அமீன் சயானி கிடைத்ததும் அந்த நிலையத்தின் வழியாகத்தான். நமக்கு மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று வரிசையாகக் கிடைத்தார்கள். 1957-இல் விவித பாரதி வந்தது. 1966-இல் கோவைக்கே ஒரு வானொலி நிலையமும் வந்தது. ஆனாலும் பழகின காது கொழும்பை விடவில்லை.

ஹமீது கொழும்பில் பிறந்தவர். சிறுவர் நிகழ்ச்சியில் நுழைந்து, வானொலி நாடகங்களில் நடித்து, அறிவிப்பாளரானவர். ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் தனித்தனியாக நிற்கும். படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று எல்லாரையும் மரியாதையோடு சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். பாட்டை எழுதியவருக்கும் ஒரு பெயர் உண்டென்று நம்மில் பலர் தெரிந்துகொண்டது அப்படித்தான். அவருடைய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில், கொடுத்த எழுத்தில் தொடங்கிப் பல்லவியைப் பிழையில்லாமல் பாட வேண்டும். விளையாட்டுத்தான், ஆனால் வரிகளைச் சரியாக நினைவில் வைக்கப் பழக்கியது.

அந்தக் குரல்கள் வாழ்ந்த நாடு 1983 கலவரத்துக்குப் பின் போரில் மூழ்கியது. நாம் இங்கே திண்ணையில் உட்கார்ந்து பாட்டு கேட்டோம். அங்கே அறிவிப்பாளராக இருப்பதே ஆபத்தானது. மடை திறந்தாற்போலப் பேசிய கே.எஸ். ராஜா கொல்லப்பட்டார். நம்மைச் சிரிக்க வைத்த ஒருவருக்கு அப்படியொரு முடிவு வந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஹமீது தப்பிப் பிழைத்தார். பிற்பாடு 'பாட்டுக்குப் பாட்டு' தொலைக்காட்சிக்கு வந்தபோதுதான் நம்மில் பலர் அவர் முகத்தையே பார்த்தோம். 2000-இல் 'தெனாலி' படத்துக்காகக் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேசப் பழகியதும் அவரிடம்தான். நல்ல தமிழ் பேசினால் சனங்கள் கேட்பார்களா என்று இப்போதும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். கடல் தாண்டி வந்த அந்தத் தமிழை, கரகரப்புக்கு நடுவே காது கொடுத்துக் கேட்டவர்கள் நாம்தானுங்களே!