தரகும் 1872ஆம் ஆண்டுச் சட்டமும்

இந்தி, மராத்தி, குஜராத்தி மொழிகளில் தரகரைக் குறிக்கும் ‘தலால்’ அரபு வழிச் சொல். அதன் வேருக்கு வழிகாட்டுதல் என்பது பொருள். அந்த வழிகாட்டி யாருடைய நலனுக்காக உழைக்கிறார் என்பதே வீடு விற்போரின் நெடுநாளைய ஐயம்.

அதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விடை கூறியது. தனி உடன்பாடு இல்லையெனில், பணி நிறைவேறிய பின்னரே முகவருக்கு ஊதியம் (பிரிவு 219). முறைகேடாக நடத்திய பணிக்கு ஊதியமே இல்லை (பிரிவு 220). பிரிவு 215 ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: விற்கச் சொன்ன நிலத்தில் சுரங்கம் இருப்பதைக் கண்டும் மறைத்து, முகவரே அதனை வாங்கிக்கொள்கிறார், உண்மையறிந்த உரிமையாளர் அவ்விற்பனையை மறுக்கலாம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பதிவுபெற்ற திட்டங்களில் விற்பனைக்குத் துணைபுரியும் முகவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. எனினும் தரகின் விழுக்காட்டை அது வரையறுக்கவில்லை. அத்திட்டங்களுக்குப் புறத்தேயுள்ள பழைய வீடுகளின் மறுவிற்பனையை அப்பதிவு விதி தொடவுமில்லை.

ஆகவே பழைய வீட்டை விற்பவருக்கு இன்றும் அரண் 1872ஆம் ஆண்டுச் சட்டமே. தரகு எவ்வளவு, எப்போது தரவேண்டும், வாங்குபவரிடமும் பெறுவாரா என்பவற்றை முன்னதாக எழுதித் தர இசைபவரே தேர்ந்தெடுக்கத் தக்க தரகர்.