காவலும் பாடும்: அயர்லாந்துப் போலீஸும் பழவேற்காட்டுக் குப்பங்களும்

தமிழில் 'காவல்' மிகப் பழைய சொல். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரியைக் காண்கிறோம். பாடி என்றால் குடியிருப்பு. அதைக் காப்பதற்காகக் குடிகள் செலுத்தியது பாடிகாவல். பிற்காலப் பாளையக்காரர் ஆட்சியில் இதுவே தலகாவல், தேசகாவல் என்று விரிந்தது. களவுபோன பொருளை மீட்டுத் தர இயலாவிட்டால் காவல்காரனே ஈடுகட்ட வேண்டும் என்பது அக்கால வழக்கம். காவல்காரர்களே களவுக்குத் துணைபோனதும் உண்டு, கூலி கேட்டு மிரட்டியதும் உண்டு. ஆயினும் காவல் என்பது காப்பவனுக்கும் காக்கப்படுபவனுக்கும் இடையிலான ஓர் உடன்பாடாகவே இருந்தது.

'போலீஸ்' அவ்வாறு வந்ததன்று. நம் மாகாணத்தில் 1859-இல் நிலைபெற்ற போலீஸ் அமைப்பின் மூலத்தைத் தேடிச் சென்றால், அந்தத் தடம் லண்டனோடு நின்றுவிடாமல் அயர்லாந்தின் உழவர் கலகங்கள் வரை போகிறது. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, பின்னர் நம் கடற்கரையில் தனக்கென எழுதாச் சட்டம் வைத்திருக்கும் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களுக்கு வர எண்ணுகிறோம். ஓர் ஊரின் அமைதி எதனால் நிலைக்கிறது என்ற கேள்வி இவ்விரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

*

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் நிலம் பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்த புரொட்டஸ்டண்டு நிலக்கிழார்களிடம் இருந்தது. உழுதவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கக் குத்தகைக் குடியானவர்கள். அவர்கள் நிலக்கிழாருக்குக் குத்தகை கொடுத்ததோடு, தாங்கள் வழிபடாத ஆங்கிலிக்கன் திருச்சபைக்கும் விளைச்சலிலிருந்து 'தசமபாகம்' செலுத்த வேண்டியிருந்தது. வழக்குமன்றமும் பாராளுமன்றமும் கைக்கெட்டாத நிலையில் அவர்கள் தமக்கென்று ஒரு சட்டத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். 1761 முதல் வெள்ளைச் சட்டை அணிந்து இரவில் கூடிய 'ஒயிட்பாய்ஸ்' கூட்டத்தார், பொதுமேய்ச்சல் நிலத்தை வளைத்த வேலிகளை இடித்தார்கள். 1821-24 ஆண்டுகளில் 'கேப்டன் ராக்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரில் மிரட்டல் கடிதங்கள் பறந்தன. அச்சட்டத்தின் முதல் விதி, வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை இன்னொருவன் குத்தகைக்கு எடுக்கலாகாது என்பதாகும். மீறியவனின் வைக்கோற்போர் எரிந்தது. சில வேளைகளில் உயிரே போயிற்று.

1812 முதல் 1818 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த இராபர்ட் பீல், இதற்கு மாற்றாக 1814-இல் 'அமைதிகாப்புப் படை' ஒன்றை உருவாக்கினார். கலகப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட வட்டாரத்திற்கு வெளியிலிருந்து ஒரு நீதிபதியும் சில காவலரும் அனுப்பப்படுவர். தொடக்கத்தில் அதன் செலவு முழுவதும் அவ்வட்டாரத்து மக்கள் தலையிலேயே விழுந்தது. கூலி கொடுப்பது ஊர், ஆனால் கட்டளை இடுவது வேறொருவர்! பாடிகாவலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்றே தோன்றுகிறது. லண்டன் மாநகரப் போலீஸைப் பீல் தொடங்கியது 1829-இல்தான். அயர்லாந்தோ அதற்கு முன்பே 1822-இல் நாடு முழுமைக்குமான காவற்படையைப் பெற்றுவிட்டது. லண்டன் காவலர் தடியோடு தெருவில் நடந்தார். அயர்லாந்துக் காவலர் துப்பாக்கியோடு பாளையத்தில் தங்கினார்.

1830களில் தசமபாகம் கொடுக்க மறுத்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1831 டிசம்பரில் கில்கென்னி மாவட்டத்துக் காரிக்ஷாக் என்னுமிடத்தில், தசமபாக நோட்டீஸ் கொடுப்பவனுக்குத் துணையாகச் சென்ற போலீஸாரை ஊரார் ஒரு குறுகிய சந்தில் மடக்கினார்கள். அந்தப் பணியாளும் பத்துக்கு மேற்பட்ட போலீஸாரும் மாண்டனர்; ஊர்க்காரர்களிலும் சிலர் இறந்தனர். வழக்கு நடந்தது, ஒருவரும் தண்டனை பெறவில்லை. துப்பாக்கி ஏந்திய படை இருந்தும் ஊர் அதைத் தன் காவலாக ஏற்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

1836-இல் இப்படை ஒரே தலைவரின் கீழ் கொண்டுவரப்பட்டு 'ஐரிஷ் கான்ஸ்டபுலரி' ஆயிற்று. அப்போது துணைச் செயலராக இருந்த தாமஸ் டிரம்மண்டை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 1838-இல், கூடுதல் படை கேட்ட திப்பரரி மாவட்ட நீதிபதிகளுக்கு அவர் எழுதிய மறுமொழி புகழ்பெற்றது. சொத்து உடையவருக்கு உரிமைகள் இருப்பது போலவே கடமைகளும் உண்டு. அக்கடமைகளைக் கைவிட்டதுதான் கலகத்தின் வேர் என்பது அதன் சாரம். அதே 1838-இல் தசமபாகம் கால்பங்கு குறைக்கப்பட்டு, அதைச் செலுத்தும் பொறுப்பு நிலக்கிழாருக்கு மாற்றப்பட்டது. தசமபாகப் போர் ஓய்ந்தது.

*

இனிச் சென்னை மாகாணம். அயர்லாந்தில் பீல் புதுப்படை அமைத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், இங்கே தாமஸ் மன்றோவின் கருத்துப்படி 1816-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. ஊர்க்காவலைக் கிராமத் தலைவரும் தலையாரியும் பார்ப்பது. அவர்களுக்கு மேலே தாசில்தார். அவருக்கும் மேலே கலெக்டர். பார்வைக்கு இது பழைய முறையின் மீட்சிபோல் இருந்தது. ஆனால் வரி வசூலிக்கும் கையும் குற்றம் பிடிக்கும் கையும் ஒன்றாகிவிட்டன. அதன் விளைவு 1854-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டியது. 1855-இல் அறிக்கை தந்த சித்திரவதை விசாரணைக் குழு, வரிப்பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் குடிகள் வதைக்கப்பட்டதை உறுதிசெய்தது. விரல்களை நெரிக்கும் 'கிட்டி' அந்த அறிக்கையால் அச்சில் ஏறிய சொற்களுள் ஒன்று.

இதற்குத் தீர்வாகப் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்க முடிவாயிற்று. வில்லியம் ராபின்சன் முதல் தலைவரானார். 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் நிறைவேறியது. மாகாணம் முழுமைக்கும் ஒரே தலைவர், மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்பாளர், படிநிலைக் கட்டுக்கோப்பு, தேவைக்கு ஆயுதப்படை ஆகியவற்றில் அயர்லாந்தின் சாயல் தெளிவு. 1843-இல் சிந்துவை வென்ற சார்லஸ் நேப்பியர் அங்கே அயர்லாந்து முறையில் போலீஸ் அமைத்திருந்தது முன்மாதிரியாக இருந்தது. லண்டன் முறையின் கூறுகளும் இதில் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 1861-இல் இந்தியா முழுமைக்கும் வந்த போலீஸ் சட்டத்திற்குச் சென்னையின் அனுபவம் பெரிதும் உதவியது. சித்திரவதைக்கு மருந்தாக வந்த அமைப்பு, கலகம் அடக்கப் பிறந்த ஓர் அமைப்பின் அச்சில் வார்க்கப்பட்டது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

*

பழவேற்காடு இந்தக் கதைக்குள் சற்றுத் தாமதமாகவே வருகிறது. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1818-இல் திருப்பித் தந்து, 1825-இல் நிரந்தரமாகப் பெற்றுக்கொண்டனர். கொடிகள் மாறின. ஆனால் ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைக் கோட்டை தீர்மானிக்கவில்லை; குப்பம் தீர்மானித்தது.

ஏரியைத் தேடிவந்த அரசின் கை, உப்பின் வழியாக வந்தது எனலாம். 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. கோடையில் உவர்நீர் வற்றி ஓரங்களில் தானே உப்புப் பூக்கும் நிலம் இது. ஆயினும் அந்த உப்பைச் சுரண்டி எடுப்பது குற்றம்! மீனை உலர்த்தி வைக்க உப்பின்றி முடியாது. காலடியில் கிடப்பதைத் தொட்டால் குற்றவாளி, விலைக்கு வாங்கினால் கடனாளி. மீன் பதனிடப் பிற்காலத்தில் சலுகை உப்பு தரும் முற்றங்கள் ஏற்பட்டன. ஆனால் உப்பு வரி ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்துக் குடியானவனுக்குத் தசமபாகம் எப்படியோ, கடற்கரையானுக்கு உப்பு அப்படி.

இனி, குப்பத்தின் சொந்தச் சட்டத்தைப் பார்ப்போம். அதன் பெயர் 'பாடு'. உழைப்பு என்றும், கிடைப்பது என்றும், துன்பம் என்றும் தமிழில் பொருள்படும் இச்சொல், இங்கே வலை கட்டுவதற்கென வரையறுத்த நீர்ப்பரப்பையும் அதன் முறையையும் குறிக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்கள் இம்முறையின் உரிமையாளர்கள். முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் இறாலைக் கொண்டுவரும் இடங்களே சிறந்தவை. எல்லோருக்கும் அவை போதா. ஆகவே குப்பங்கள் முறைவைத்து மீன்பிடிக்கின்றன. குப்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது. இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை சுமாரான இடத்துக்குப் போக வேண்டும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் விதிக்கும். முற்றினால் தொழிலுக்கே தடை போடும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே பெயரில், சீட்டுக் குலுக்கும் இதே வகையில் ஒரு முறை இருப்பது, இக்கடல்வழி உறவின் பழமையை எண்ண வைக்கிறது.

ஒயிட்பாய்ஸ் சட்டத்தையும் பாட்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை புலப்படும். இரண்டும் எழுதப்படாதவை, பிழைப்பின் நெருக்கடியில் பிறந்தவை, அரசின் சட்டத்தைவிட மக்களுக்கு நெருக்கமானவை. வேற்றுமையும் பெரிது. அங்கே சட்டம் இரவில், முகம் மறைத்து வந்தது. இங்கே பகலில், பெயர் சொல்லிச் சீட்டு எடுக்கப்படுகிறது. போலீஸ்காரர் ஒருவரும் இல்லாமலே அன்றாடம் ஒரு பெருங்கூட்டத்தின் போட்டியைத் தணித்து வைக்கும் இந்த ஏற்பாட்டை நாம் வியக்காமல் இருக்க முடியாது.

*

ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் அது பாதி வரலாறே ஆகும். சீட்டில் யார் பெயர் இல்லை என்றும் கேட்க வேண்டும்.

பாட்டு உரிமை பிறப்பால் வருவது. பட்டினவர் ஆண்களுக்கே உரியது. ஏரிக்கரையில் வாழும் தலித் மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், மீனைச் சுமந்து விற்கும் பெண்களுக்கும் அதில் சீட்டு இல்லை. இறால் மலிவாக இருந்த வரையில் இது பெரும் பூசலாகவில்லை. ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்து, நைலான் வலை பரவி, வெளியே நின்றவர்களும் ஏரியைக் கேட்கத் தொடங்கியபோது நிலை மாறியது. 1980களிலிருந்து குப்பங்களுக்கிடையே பூசல்கள் மிகுந்தன. ஏரியோ தமிழ்நாடு, ஆந்திரம் என்ற இரு மாநிலங்களுக்கு உரியது. ஆகவே எல்லைத் தகராறும் சேர்ந்துகொண்டது. முகத்துவாரம் மணலால் அடைபடும் ஆண்டுகளில் கிடைப்பது குறைய, பங்கீடு இன்னும் கடினமாகிறது.

அயர்லாந்தின் இரவுச் சட்டத்திலும் இதே கறை உண்டு. அது நிலக்கிழாரைத் தாக்கியதைவிட, காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கத் துணிந்த இன்னொரு ஏழையைத் தாக்கியதே மிகுதி. ஊர்ச்சட்டம் என்பதனாலேயே அது நீதி ஆகிவிடாது. உள்ளே இருப்பவருக்கு அரணாக இருப்பது, வெளியே நிற்பவருக்கு மதிலாகிறது.

இத்தகைய பூசலில் போலீஸ் என்ன செய்ய முடியும்? அடிதடியை நிறுத்தலாம், வழக்குப் பதியலாம். உயிரிழப்பைத் தடுக்க அதுவும் வேண்டியதே. ஆனால் ஏரி யாருடையது என்ற கேள்விக்கு லத்தியிடம் விடை இல்லை. காரிக்ஷாக்கில் துப்பாக்கியாலும் விடை சொல்ல முடியவில்லை. அயர்லாந்தின் நிலப்பூசல் தணிந்தது, 1881-லும் 1903-லும் வந்த நிலச் சட்டங்கள் குத்தகைக்காரனுக்கு உரிமையும் பின்னர் உடைமையும் தந்த பிறகுதான். 1836-இல் உருவான அந்தக் காவற்படையோ, 1867-இல் 'ராயல்' பட்டம் பெற்றும், 1922-இல் கலைக்கப்பட்டது.

பழவேற்காட்டுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு என்று நாம் கருதுகிறோம். பாடு முறையை மூடப்பழக்கம் என்று ஒதுக்கி ஏரியை எல்லோருக்கும் கட்டற்றுத் திறந்துவிட்டால், வலிமை உள்ளவனே வெல்வான், ஏரியும் அழியும். மரபு என்று போற்றி அப்படியே விட்டால், பிறப்பால் விலக்கப்பட்டவர் விலக்கப்பட்டே இருப்பர். சீட்டும் முறைவைப்பும் சிறந்த கருவிகள். அவற்றைப் பிறப்பின் பிடியிலிருந்து விடுவிக்க முடியுமா என்பதே கேள்வி. அதற்குக் குப்பங்களும் அரசும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டும்; விலக்கப்பட்டவர்களும் அந்தப் பாயில் இருக்க வேண்டும்.

பாடிகாவல் என்ற பழஞ்சொல்லில் பாடி முதலில் நிற்கிறது, காவல் அதன் பின்னால் வருகிறது. அந்தப் பாடிக்குள் யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே காவலின் தேவை கூடுவதும் குறைவதும் அமையும்.