தாம்பரம் வட்டாரமும் நூலக இயக்கமும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அவ்வாண்டிலேயே சென்னையில் ஆங்கில நூலொன்று வெளிவந்தது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளைக் கூறும் அந்நூலை எழுதியவர் சென்னைப் பல்கலைக் கழக நூலகர் சீர்காழி இரா. அரங்கநாதன் ஆவார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். இரயில் வந்த கதையை நம் வட்டாரத்து முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டுச் சொல்வர். மற்ற இரண்டையும் சொல்வார் அரியர். நம் பிள்ளைகளின் கல்விக்கு அவ்விரண்டும் இரயிலினும் நெருங்கிய தொடர்புடையவை என்பது என் கருத்து.

பொது நூலகம் என்னும் தொடரில் 'பொது' என்ற சொல்லை முதற்கண் நோக்குதல் வேண்டும். கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பெற்றது. அடையாற்றில் பிரம்மஞான சபையாரின் நூலகம் அதனினும் பத்தாண்டு மூத்தது. கட்டடங்கள் இருந்தன, நூல்களும் இருந்தன. நம் முன்னோர்க்கோ பல ஊர்களில் தெருவில் நடப்பதே தடையாக இருந்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் இடம் ஆகியவை எவ்வகுப்பாருக்கும் உரியன என்று அரசு எழுத்தில் கூறியது அதன் பின்னரே. நூலகமும் மக்கள் கூடும் இடந்தானே! அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பயின்ற நாள்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பறையில் நாள் முழுவதும் அமர்ந்து படித்தவர். அங்கே எவரும் அவரது பிறப்பை வினவவில்லை. தாய்நாடு திரும்பிய அவர் 1927-இல் மகாடு நகரின் குளத்து நீரைப் பருகவே போராட வேண்டியிருந்தது.

சட்டமன்றத் தீர்மானம் வந்த அதே 1924-இல்தான் அரங்கநாதன் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். (அக்கல்லூரி அப்போது நகரின் வடபாகத்தில் இருந்தது, சேலையூர்க் காட்டுக்கு வந்தது 1937-இல்.) கணித ஆசிரியராயிருந்த அவருக்கு நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. சில நாள்களிலேயே பழைய பணிக்குத் திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று பயின்று வந்த பின்னும் மனம் ஒப்பாவிடில் திரும்பலாம் என்று சொல்லி அவரை அனுப்பினர். அங்கே பொது நூலகங்களை எளிய மக்களும் சிறுவரும் தம் உரிமையாகக் கொண்டு பயன்படுத்துவதைக் கண்டார், மனம் மாறினார். கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியின் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டுவதைக் கண்டபோது நூற்பகுப்புக்கு ஒரு புதுவழி அவருக்குத் தோன்றியது. அதுவே 1933-இல் கோலன் பகுப்பு முறை என்னும் பெயரில் நூலாகியது. அதன் நுட்பங்கள் நூலகப் பட்டம் பயில்வோர்க்கு உரியவை. நாம் கருதத்தக்கது வேறொன்று: அவர் புகுத்திய திறந்த அடுக்கு முறை.

முன்னாளில் நூல்கள் பூட்டிய அலமாரிகளில் இருக்கும். படிக்க வந்தவன் வாயிலருகே நிற்க வேண்டும். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதித் தரவேண்டும். உள்ளே இருப்பவர் விரும்பினால் தேடுவார். விரும்பாவிடில் 'இல்லை' என்பார். எந்த நூல் வேண்டும் என்பதை முன்னரே அறிந்தவனுக்குத்தான் அம்முறை உதவும். வீட்டில் நூலே இல்லாத பிள்ளை எந்தப் பெயரை எழுதுவான்? மேலும், கேட்டு நின்று, முகம் பார்த்து, 'இல்லை' என்ற சொல்லை வாங்கித் திரும்புவது நம்மவர்க்குக் கிணற்றடியிலும் கடை வாயிலிலும் பழகிப்போன ஒன்று. திறந்த அடுக்கு அவ்விடைமனிதரை அகற்றியது. படிப்பவன் தானே உள்ளே நடந்து, தானே எடுத்து, புரட்டிப் பார்த்து, வேண்டாவிடின் வைக்கலாம். நூலக நவீனமயம் என்று இன்று பேசுவோர் கணினியிலிருந்து தொடங்குகின்றனர். நான் அந்தப் பூட்டு திறந்த நாளிலிருந்தே தொடங்குவேன்.

நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை. ஒவ்வொருவருக்கும் அவரவர் நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதன் படிப்பாளர். படிப்பவர் நேரத்தைக் காத்தல். நூலகம் வளரும் ஓர் உயிர். இவையே அந்த ஐந்து விதிகள். இரண்டாம் விதியை விளக்குமிடத்து அரங்கநாதன் மேலோர்-பொதுமக்கள், ஆடவர்-பெண்டிர், நகரத்தார்-நாட்டுப்புறத்தார் என்று இரு பாலாக எடுத்துக் காட்டி, எவரும் விலக்கத்தக்கவர் அல்லர் என்று நிறுவுகிறார். சேரி என்ற சொல்லை அவர் தனித்து எடுத்து வாதிட்டிருந்தால் நாம் மேலும் மகிழ்வோம். எனினும் 'ஒவ்வொருவருக்கும்' என்று எழுதிய பின் எவரையும் விட்டுவிட இயலாது.

விதி எழுதினால் போதாது. பணம் வேண்டும், சட்டம் வேண்டும். பஷீர் அகமது சயீது 1933-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த நூலக மசோதா நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின் அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் நூலகச் சட்டம் இதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில் கிளை நூலகங்கள் பெருகின. 1972-இல் பொது நூலகத் துறை தனி இயக்ககமாகிய போது, நூலகப் பயிற்சி பெற்றவரான வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார்.

இச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரியாகும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் கூடுதலாகப் பெற்று, உள்ளாட்சி மன்றம் அதனை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவரிடம் இல்லை. சொந்த வீட்டார் நேரே செலுத்துகின்றனர். குடியிருப்போர் வாடகையின் வழியே செலுத்துகின்றனர். ஆகவே நூலகத்தில் நுழையும் நம் பிள்ளை எவருடைய கொடையையும் பெறச் செல்லவில்லை.

ஆயின் நூலகம் எங்கே அமைந்தது? வரி எல்லாரிடமும் பெறப்பட்டாலும், கட்டடத்தை வாடகையின்றித் தருவோரை எதிர்நோக்கியே பல கிளைகள் தொடங்கின. இடம் உடையவர் தெரு எதுவோ, அங்கே நூலகம் சென்றது. நான் சிறுவனாக இருந்தபோது நூலகம் ஒன்றில் உறுப்பினராகச் சென்றேன். காப்புத் தொகையை என் தாயார் சீட்டுப் பணத்திலிருந்து தந்திருந்தார். பிணைக் கையெழுத்திட ஆள் கொண்டுவா என்றனர். எங்கள் தெருவில் அதற்குரியவர் எவருமில்லை. இரண்டாண்டுகள் கழித்து ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட்டார். அவ்விரண்டாண்டும் நாளிதழ் மேசையோடு என் படிப்பு நின்றது. ஏட்டில் சட்டம் திறந்திருந்தது, படிவம் மூடியிருந்தது.

நம் வட்டாரம் நூற்செல்வம் இல்லாத வட்டாரமன்று. 1911-இல் பல்லாவரத்துக்குக் குடிவந்த மறைமலையடிகள் தம் இல்லத்திலேயே ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்து வைத்திருந்தார். அடிகள் 1950-இல் மறைந்த பின், 1958-இல் அச்செல்வம் சென்னை நகரில் அவர் பெயரால் அமைந்த நூல் நிலையத்துக்குச் சென்றது. கிறித்தவக் கல்லூரியில் மில்லர் நினைவு நூலகம் இருந்தது. அது கல்லூரி மாணவர்க்கு உரியது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலோ, கல் உடைத்த திரிசூலத்திலோ உழைத்த நம் மக்கள் மாலையில் சென்று அமர அவ்விரண்டும் ஏற்பட்டவை அல்ல. பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராயிருந்து, பாடநூல்கள் எழுதிய எம். சி. இராஜா போன்றோர் தம் முயற்சியால் உயர்ந்தனர். எத்தனை பேர் அத்தகைய வழியின்றி நின்றனரோ!

மற்றொரு இழப்பும் உண்டு. நாம் எழுதியவற்றை யார் காத்தனர்? அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914-இல் மறையும் வரை இராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' இதழை நடத்தினார். அவ்வெழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது 1999-இல். இடைப்பட்ட 85 ஆண்டுகளில், நம் குடும்பங்களின் பரண்களில் இருந்த பழந்தாள்கள் எத்தனை எடைக்குப் போயினவோ! இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழிலினர். நூல், இதழ், துண்டறிக்கை, திருமண அழைப்பு என எதையும் விடாது சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிக்காகோ பல்கலைக் கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டு செல்லாமல் தமிழ்நாட்டிலேயே நூலகமாக்கியது. தரமணியில் இன்று இயங்கும் அந்நூலகத்தில் பழந்தாள்கள் நுண்படமாகவும் எண்மப் படமாகவும் காக்கப்படுகின்றன. ஒரு படம் எடுத்துவிட்டால் மூலத்தாளைக் கை தொட்டுச் சிதைக்க வேண்டியதில்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம். புதுக் கருவிகளின் மெய்யான பயன் இதுவென்பேன்.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் காணாத இளைஞர் நம்முள் இருத்தலாகாது. 2011-இல் அதனை மருத்துவமனையாக்க அரசு முடிவு செய்தபோது, மக்கள் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றனர். திறந்த கதவும் மூடப்படக் கூடும் என்பதற்கு அது சான்று. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியன ஒன்றாகி மாநகராட்சியாயின. 70 வட்டங்களிலும் நூலக வரி பெறப்படுகிறது. எந்த வட்டத்தில் எத்தனை கிளைகள் உள்ளன, அவை நம் குடியிருப்புகளிலிருந்து எத்தனை தொலைவில் உள்ளன என்று இளைஞர் அணியினர் நடந்து சென்று குறித்து வருவார்களாயின், அடுத்த மலருக்கு அது நல்லதொரு கட்டுரையாகும்.

நம் சங்கத்தின் படிப்பகத்திலும் இரண்டு இரும்பு அலமாரிகள் உள்ளன. நன்கொடையாளர் பலர் தந்த நல்ல நூல்கள் அவற்றில் இருக்கின்றன. இரண்டுக்கும் பூட்டு உண்டு. சாவி செயலாளர் இல்லத்தில் இருக்கிறது. நூல் தொலைந்துவிடும் என்பது அவர் கூறும் காரணம். அது பொய்யன்று, தொலையத்தான் செய்யும். இவ்வாண்டுப் பேரவையில் அந்தப் பூட்டுகளை எடுத்துவிடத் தீர்மானம் ஒன்றைக் கொடுத்துள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.