யோகேந்திரநாத் மண்டல்: சட்ட அமைச்சர் ஒருவர் ஏதிலியான வரலாறு

ஒரு நாட்டைவிட்டு வெளியேறியவரை 'ஓடிப்போனவர்' எனலாம். 'அகதி' எனவும் கூறலாம். இவ்விரண்டும் ஒருபொருட் சொற்கள் அல்ல என்பதை நாம் அறிவோம். முன்னதில் குற்றம் வெளியேறியவருடையது. பின்னது வடசொல், போக்கிடம் அற்ற நிலையைச் சுட்டுவது, அங்கே குற்றம் வெளியேற்றியோருடையது. 'ஏதிலி' என்று இன்று நாம் எழுதுவதோ, அயலாரைக் குறிக்கக் குறள் ஆளும் 'ஏதிலார்' என்பதோடு உறவுடைய சொல். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான யோகேந்திரநாத் மண்டலுக்கு இம்மூன்றும் பொருந்தின என்பதே அவர் வரலாற்றின் துயரம்.

1904ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்தின் பாரிசால் பகுதியில், தீண்டாமைக்கு ஆளான நாமசூத்திரர் குலத்தில் அவர் பிறந்தார். சட்டம் பயின்றார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில், தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்படாத பொதுத் தொகுதியிலேயே நின்று வங்கச் சட்டமன்றம் புகுந்தார். பின்னர் முஸ்லிம் லீக்குடன் கைகோத்தார். இதனைப் பதவி ஆசை என்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கிழக்கு வங்கத்தில் நாமசூத்திரரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் உழவர்கள். நிலக்கிழார்களோ பெரும்பாலும் உயர்சாதி இந்துக்கள். பசியும் கடனும் ஒன்றாயிருக்க, அரசியலும் ஒன்றாகலாம் என அவர் எண்ணினார். 1946 ஆகஸ்டில் கல்கத்தாக் கலவரம் மூண்டபோது பதவி விலகுமாறு அவரை வற்புறுத்தினர். அவர் விலகவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய இடைக்கால அரசின் சட்டத்துறைக்கு லீக் அவரையே அனுப்பியது.

அம்பேத்கரைப் பற்றி வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள், 1946இல் அவர் வங்கத்திலிருந்து இந்திய அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட முன்னின்று உழைத்தவர் மண்டல் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அடுத்த ஆண்டு, பகைகொண்டு பிரிந்த இரு நாடுகளுக்கும் முதல் சட்ட அமைச்சர்களாக அமைந்தோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இவ்விருவரே. 1947 ஆகஸ்டு 10ஆம் நாள் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முதல் கூடியபோது, தற்காலிகத் தலைவராக அமர்ந்தவரும் மண்டலே.

மூன்றாண்டுகள் சென்றன. 1950இன் தொடக்கத்தில் கிழக்கு வங்கத்தில் சிறுபான்மையினர்மீது பெருங்கொடுமை நிகழ்ந்தது. அவர் பிறந்த பாரிசாலும் தப்பவில்லை. ஏப்ரல் 8ஆம் நாள் நேருவும் லியாகத் அலிகானும் சிறுபான்மையினர் பாதுகாப்புக்கென உடன்படிக்கை செய்தனர். அது காகிதத்தோடு நின்றதாக மண்டல் முடிவு செய்தார். கல்கத்தா சென்றார், அக்டோபர் 8ஆம் நாளிட்ட நெடிய விலகல் கடிதத்தைத் தலைமை அமைச்சர் லியாகத்துக்கு எழுதினார்.

அக்கடிதத்தின் நடை நம் கருத்தை ஈர்க்கிறது. அது புலம்பலன்று, வழக்குரைஞர் ஒருவரின் வாதுரை. இன்ன ஊரில் இன்னது நடந்தது, காவலரும் படையினரும் இன்னது செய்தனர் என அடுக்கிச் செல்கிறது. ஆயின் குற்றஞ்சாட்டுபவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை: பாகிஸ்தானில் பாதுகாப்பு உண்டு என்னும் பொய்ந்நம்பிக்கையைத் தம் மக்களுக்குத் தொடர்ந்து ஊட்டும் சுமையைத் தம் மனச்சான்று இனித் தாங்காது என்கிறார். சட்ட அமைச்சர் பதவியிலிருந்தும் சட்டத்தால் ஒருவரையும் காக்க முடியவில்லை என்னும் ஒப்புதல் அது. தம் சொல்லை நம்பித் தங்கிய ஏழை உழவர்களை அங்கேயே விட்டுத் தாம் மட்டும் எல்லை கடந்தாரே என்னும் வினாவுக்கு அதில் நிறைவான விடை இல்லை. அவ்வினா நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்.

பாகிஸ்தான் அவரைத் துரோகி என்றது. இந்தியாவோ 'ஜோகன் அலி முல்லா' என்று ஏளனம் செய்தது. சூட்டிய பெயரே ஓர் அரசியல் தீர்ப்பாவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. மேற்கு வங்கத்தில் அவர் அகதிகளுக்காகப் போராடினார்; அவர்களைத் தொலைதூரத் தண்டகாரணியத்துக்கு அனுப்புவதை எதிர்த்தார். தேர்தல்களில் நின்று தோற்றார்.

1968 அக்டோபர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். மறைந்த ஊர் வனகாவ், கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய இந்தியச் சிற்றூர். பாரிசால் அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தது.