கிண்டியா, குரோம்பேட்டையா?

கவுன்சிலிங் சீசனில் ஒரு நாள் காலை. எதிர் வீட்டுக்காரர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பின்னாலேயே அவருடைய மகள்.

''சார், நீங்க பத்திரிகைக்காரர். நாலு விஷயம் தெரிஞ்சவர். ஒரு முடிவு சொல்லுங்க.''

பெண்ணுக்கு நல்ல கட்-ஆஃப். விருப்பப் பட்டியல் கொடுக்க இரண்டு நாள்தான் பாக்கி. அதில் எதை முதலில் போடுகிறோமோ, அது கிடைத்துவிட்டால் இரண்டாவதுக்கு வேலையே இல்லை. ஆகவே முதல் வரிக்குத்தான் அடிதடி. அப்பா சொல்வது, கிண்டியில் சிவில். மகள் சொல்வது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல். அம்மா இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

நான் பி.காம். ஏன் பி.காம். என்று கேட்டால் வெட்கம். எங்கள் தெருமுனையில் ஏறினால் அந்தக் கல்லூரி வாசலில் இறக்கிவிடும் பஸ் ஒன்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங் ஃப்யூஸ் போடுவதோடு சரி. ஆனால், இந்த இரண்டு கல்லூரிகளின் பழைய கதை கொஞ்சம் தெரியும். அவர்களுக்கு அதைத்தான் சொன்னேன். உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடம் 1794. புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு தலைவலி. நிலம் கைக்கு வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு நிலம்? ஆறு எங்கே, ஏரி எங்கே? எவ்வளவு வரி போடலாம்? அளந்தால்தானே தெரியும்! அளக்கத் தெரிந்தவன் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி வரவேண்டும். வருகிறவனுக்குக் கொட்டிக் கொடுக்கவும் வேண்டும்.

மைக்கேல் டாப்பிங் என்ற கம்பெனி சர்வேயர் ஒரு யோசனை சொன்னார். இங்கேயே பையன்களைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன? கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் சர்வே பள்ளிக்கூடம் தொடங்கியது. எட்டே எட்டு மாணவர்கள். ரூர்க்கி கல்லூரி 1847-ல்தான் வந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு முந்தைய சங்கதி இது.

அந்தப் பள்ளிக்கூடம்தான் 1858-ல் சிவில் இன்ஜினீயரிங் பள்ளியாகி, 1859-ல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்குக் குடிவந்தது. இடம் மாறியது, பெயர் மாறியது. பிறந்த காரணம் மட்டும் ரொம்ப நாள் மாறவில்லை. அரசாங்கத்துக்கு ஆள் வேண்டும். அணை கட்ட, பாலம் கட்ட, ரோடு போட. கிண்டியில் படித்தால் பொதுப்பணித் துறை, பொதுப்பணித் துறை என்றால் ஜீப்பும் குவார்ட்டர்ஸும் என்று நம் தாத்தாக்கள் கணக்குப் போட்டது சும்மா இல்லை. எதிர் வீட்டுக்காரர் மனசில் ஓடியதும் அந்தக் கணக்குதான். அவருடைய பெரியப்பா அங்கே படித்து எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயராக ரிடையர் ஆனவர்.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணிடம் ஒன்று சொன்னேன். 1940-க்கு முன்னால் உனக்கு இந்தச் சண்டையே கிடையாதும்மா. கிண்டியில் பெண்களைச் சேர்த்ததே இல்லை. அந்த வருடம் லலிதா என்று ஒருவர் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டியிலேயே எலெக்ட்ரிகல் பேராசிரியர். மகளுக்காக அவர் கல்லூரி முதல்வரிடம் பேசினார். இடம் கிடைத்தது. படித்து முடித்தபோது வேறொரு சிக்கல். சான்றிதழ் ஆண்பாலில் அச்சாகியிருந்தது. பெண் ஒருத்தி வாங்குவாள் என்று யார் நினைத்தார்கள்? அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, குரோம்பேட்டைக்கு வருவோம்.

1949. நாடு சுதந்திரமாகி இரண்டு வருடம். சி.ராஜம் என்ற தொழிலதிபர், 'இந்தியா ஹவுஸ்' என்ற தன் பெரிய வீட்டை விற்றார். கடன் அடைக்க இல்லை. ஒரு காலேஜ் ஆரம்பிக்க! அதிலும் அவர் தேர்ந்தெடுத்த பாடங்களைப் பாருங்கள். விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன். அன்றைக்கு விமானத் தொழில் என்றால் பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்டை விட்டால் நாட்டில் பெரிதாக ஒன்றும் கிடையாது. எலெக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லையே பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு மூன்று வருடப் படிப்பு. முடித்தால் கையில் வருவது டி.எம்.ஐ.டி. என்ற டிப்ளமோ.

இருக்கிற வேலைக்கு ஆள் தயாரிக்கப் பிறந்தது கிண்டி. இன்னும் வராத வேலைக்கு ஆள் தயாரிக்கப் பிறந்தது எம்.ஐ.டி. புறநகர் ரயிலில் ஏறினால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால், மனசால் அவ்வளவு தூரம்.

1954-ல் குரோம்பேட்டையில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ராமேஸ்வரத்துக்காரன். திருச்சி செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிறகுதான், தனக்கு வேண்டியது இது இல்லை என்று தெரிந்துகொண்டவன். சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். அப்பாவிடம் அத்தனை பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். மீட்கிற பொறுப்பு தம்பிக்கு. யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள். அப்துல் கலாம்தான்.

கல்லூரியில் இரண்டு பழைய விமானங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். முதல் வருடம் முடிந்து பிரிவு கேட்டபோது யோசிக்கவே இல்லை, ஏரோநாட்டிக்கல். நமது விமானத்தை நாமே தயாரிக்கவேண்டும் என்று தமிழில் கட்டுரை எழுதி, அங்கேயே போட்டியில் முதல் பரிசும் வாங்கினார்.

அதே வருடங்களில், அதே ரயில் பாதையில், கிண்டியில் இன்னொரு பையன் படித்துக்கொண்டிருந்தான். சித்தூர் மாவட்டம் காட்டூர் கிராமத்துக்காரன். சின்ன வயதில் மணலில் எழுதிப் பழகியவன். படித்தது, எதிர் வீட்டுக்காரருக்குப் பிடித்த அதே சிவில். 1958-ல் பட்டம் வாங்கினான். பெயர் ராஜ் ரெட்டி.

அப்புறம் அணை கட்டினாரா? இல்லை. ஆஸ்திரேலியா போனார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்தார். அமெரிக்கா போய், ஸ்டான்ஃபோர்டில் 1966-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மனிதன் பேசுவதை மிஷினுக்குப் புரியவைக்கிற ஆராய்ச்சியில் இறங்கினார். 1994-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்வார்களே, அது. இன்றைக்கு நீங்கள் செல்போனிடம் வாயால் பேசி வழி கேட்கிறீர்கள் இல்லையா? அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர், கிண்டியில் அஸ்திவாரம் போடப் படித்தவர்.

கலாமுக்கு மட்டும் நினைத்தது நினைத்தபடி நடந்ததா? அவர் ஆசைப்பட்டது விமானப் படையில் பைலட் ஆக. டேராடூனில் நேர்முகத் தேர்வு. 25 பேரில் 9-வதாக வந்தார். எடுத்தது 8 பேரை. அந்த ஒரு இடத்தில் தவறியவர்தான், 1980-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை விண்ணுக்கு அனுப்பிய குழுவின் தலைவர்.

இதே கிண்டியில் மெக்கானிக்கல் படித்து 1943-ல் வெளியே வந்த வர்கீஸ் குரியன், குஜராத்துக்குப் போய்ப் பால் வியாபாரத்தையே தலைகீழாக மாற்றினார். இதே எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன், எழுத்தாளர் சுஜாதா ஆனார். எந்த சிலபஸில் இதெல்லாம் இருந்தது, சொல்லுங்கள்!

அப்படியானால் எங்கே படித்தாலும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. அந்த இரண்டு பழைய விமானங்கள் கிண்டியில் நின்றிருக்கவில்லை. கலாம் அவற்றின் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் குரோம்பேட்டைக்குத்தான் போயிருக்க வேண்டும். கல்லூரி ஒரு கதவு. எந்தக் கதவைத் திறந்தால் முதலில் எது கண்ணில் படும் என்பதில் வித்தியாசம் உண்டு. அதற்கு அப்புறம் எவ்வளவு தூரம் நடப்பது என்பதை எந்தக் கதவும் தீர்மானிப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது இந்த இரண்டும் அதற்குள் வந்துவிட்டன. கம்பெனிக்காரன் ஆரம்பித்ததும், வீட்டை விற்று ஆரம்பித்ததும் ஒரே குடும்பம். கவுன்சிலிங் பட்டியலில் கிண்டிக்கு எண் 1, எம்.ஐ.டி.க்கு எண் 4. நம் ஆட்கள் அந்த எண்ணைப் பார்த்தே, எது பெரியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கதையை முடித்தேன். அப்பா மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் கேட்டாள்.

''அங்கிள், கலாம் கிண்டியிலயும் ராஜ் ரெட்டி குரோம்பேட்டையிலயும் படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?''

யாருக்குத் தெரியும்? நான் ஒன்று மட்டும் சொன்னேன். ''நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ரெண்டு பேருமா ரயில் ஏறுங்க. கிண்டியில இறங்கி ஒரு சுத்து. அப்புறம் குரோம்பேட்டையில இறங்கி ஒரு சுத்து. லேப்ல என்ன இருக்குன்னு வாட்ச்மேன்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. எங்க இருந்து கிளம்ப மனசு வரலையோ, அதை முதல் வரியில போடுங்க.''

மறுநாள் போனார்கள். திரும்பி வந்தபோது ராத்திரி எட்டு மணி. கேட்டைத் திறந்துகொண்டே எதிர் வீட்டுக்காரர் கத்திச் சொன்னார்: ''சார், குரோம்பேட்டைல இவளை இழுத்துட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு!''

முதல் வரி எதுவென்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த அம்மா வாசலுக்கு வந்து அவர்களோடு பேச ஆரம்பித்திருந்தார்.

உங்கள் வீட்டில் சண்டை வேறு இரண்டு கல்லூரிகளுக்காக இருக்கலாம். பரவாயில்லை. யாரோ ஒருவர் வீட்டை விற்று, யாரோ ஒருவர் வளையலை அடகு வைத்து, யாரோ ஒருவர் மகளுக்காக வாதாடிக் கிடைத்த வசதி இது. பஸ் ரூட்டைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணிவிடாதீர்கள். அந்தத் தப்பை ஏற்கெனவே ஒருத்தன் பண்ணியாச்சு.