சாய்ந்த தூணும் தாடை எலும்பும்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே நின்று கடலைப் பாருங்கள். துருவேறிய சில இரும்புத் தூண்கள் தெரியும். பிரெஞ்சு ஆட்சியில், 1866-இல், கப்பல் சரக்கை இறக்குவதற்காக அமைத்த பாலத்தின் எச்சம் அவை. 1952-ஆம் ஆண்டுப் புயல் அப்பாலத்தை அழித்துவிட்டது. சரக்கின் பாரம் தூணை மேலிருந்து அழுத்தும். அலையோ பக்கவாட்டில் தள்ளும். தூணுக்குப் பின்னதே பெருஞ்சோதனை.

அதே 1952-இல் சுவீடன் நாட்டு லுண்டு நகரில் பிரேனெமார்க் என்ற ஆய்வாளர், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைக் கழற்ற முடியாமல் திகைத்தார். எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது! 1965-இல் மனிதத் தாடையிலும் டைட்டேனியத் திருகுகள் நடப்பட்டன. இதுவே இன்று நாம் சொல்லும் 'இம்பிளாண்ட்'. திருகின் மேல் 'அபட்மெண்ட்' என்னும் தாங்கி. அதன் மேல் செயற்கைப் பல்.

தாங்கி நேராக நிற்பதுதானே நல்லது என்று கேட்பீர்கள். ஆனால், மேல்தாடையின் முன்பகுதி எலும்பு வெளிப்புறம் சாய்ந்திருக்கிறது. பல் விழுந்த இடத்தில் எலும்பு கரையவும் செய்கிறது. எலும்பு உள்ள திசையில்தான் திருகை நட முடியும். பல்லோ வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே 15, 25, 30 பாகை வளைந்த தாங்கிகள் தோன்றின.

விலை என்ன? 100 நியூட்டன் கடிவிசை திருகின் அச்சுக்கு 15 பாகை சாய்ந்து விழுந்தால், 26 நியூட்டன் பக்கவாட்டில் தள்ளும். 30 பாகையானால் 50 நியூட்டன்! திருகு நெம்புகோலாகிறது. அது எலும்பினுள் நுழையும் விளிம்பில், சாய்ந்த பக்கத்தில், தகைவு குவிகிறது. அங்கிருப்பது கெட்டியான புறவெலும்பு. உள்ளேயுள்ள பஞ்செலும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பானது. அதுவே சுமையில் பெரும்பங்கை ஏற்கிறது.

இந்தத் தகைவுக்குக் கணித வடிவம் தந்தவர் பிரெஞ்சுக்காரரான கோஷி, ஆண்டு 1822. ஆனால், ஒழுங்கற்ற எலும்புக்கு அக்கணக்கைக் கையால் போட்டு மாளாது. எலும்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணிப்பொறியில் கணக்கிடும் முறை 1976-இல் பல் இம்பிளாண்ட் ஆய்வுக்கு வந்தது. கோணம் கூடினால் தகைவு கூடும் என்பதை இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

அப்படியானால் சாய்ந்த தாங்கிகள் விரைவில் தோற்றிருக்க வேண்டுமே! நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நேர்த்தாங்கிக்கும் சாய்தாங்கிக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. கணிப்பொறியின் எலும்பு மாறாதது. நம் எலும்போ உயிருள்ளது. சுமைக்கேற்ப அது தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை ஜெர்மானியரான வுல்ஃப் 1892-இலேயே எழுதினார். தாங்கும் அளவுக்குள் உள்ள தகைவு தீங்கு செய்வதில்லை. இரவில் பல்லைக் கடிப்பவர்களிடம் மட்டும் மருத்துவர் கூடுதல் எச்சரிக்கை காட்டுவார், அது நியாயமே.

லிஸ்பனைச் சேர்ந்த மாலோ இன்னும் துணிந்தார். பல்லே இல்லாத தாடையில் நான்கே திருகுகள்; பின்னிரண்டும் வேண்டுமென்றே சாய்க்கப்பட்டவை. நான்கையும் ஒரே பல்வரிசை பிணைப்பதால் சுமை பகிரப்படுகிறது. பின்னால் ஆதாரமின்றி நீளும் பகுதியும் குறைகிறது. பலருக்கு எலும்பு ஒட்டும் அறுவையே தேவைப்படுவதில்லை. துறைமுகப் பொறியாளர்களும் பக்க விசையைத் தாங்கச் சில தூண்களைச் சாய்த்து அடித்து, மேலே ஒரே தளத்தால் பிணைப்பதுண்டு.